முன்னால் வந்தவளின் பாரம்

காலையில் அடுப்புப் பற்றவைக்க நெருப்பு வேண்டுமென்றால் எங்கள் கோயில் தெருவில் எல்லாரும் அவள் வீட்டுக்குத்தான் போவோம். ஸ்ரீவைகுண்டம் கடைத்தெருவுக்கு அப்போதே சீமைத் தீப்பெட்டி வந்துவிட்டது. ஆனால் அதை வாங்குகிறவளுக்கு ஊதாரி என்று பேர் வந்துவிடும். என் மாமியாரிடம் ஒரு தீப்பெட்டி இருந்தது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். அவள் அதை உரசி நான் பார்த்ததில்லை. அவ்வப்போது வெளியே எடுத்து, குலுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புதைத்துவிடுவாள்.

அதனால் சிரட்டையில் சாம்பலைப் பரப்பி எடுத்துக்கொண்டு, கிழக்குக் கோடி வீட்டுக்கு நடக்க வேண்டும். அந்த வீட்டு அடுப்பில் இரவெல்லாம் உமிக்குள் கங்கு கிடக்கும். விடிகிறதற்கு முன்னமே அவள் உமியைக் கிளறி, ஊதி, கங்கைச் சிவக்க வைத்து, கையில் இடுக்கியோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். நெட்டையான பெண்பிள்ளை. காது தோள் வரைக்கும் தொங்கும், ஆனால் பாம்பட நகை கிடையாது. ஊதி ஊதிப் புருவமயிர் கருகிப் போயிருந்தது. அதனாலேயே யாரோ இப்போதுதான் பெரிய சேதி ஒன்றைச் சொன்ன மாதிரி எந்நேரமும் முகம் அகலமாகத் திறந்திருக்கும். உண்மையிலேயே சேதி கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. எனக்கும் அந்தச் சீக்கு உண்டு. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவளுக்கு ஒரு பேர் இருந்திருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரி ஐயருக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் முகத்துக்கு நேரே பெரியம்மா என்போம். முதுகுக்குப் பின்னே நெருப்பு வீட்டுக்காரி என்போம்.

கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் காலையில் மாமியார் என்னைச் சிரட்டையோடு அனுப்பினாள். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண் என்ற மிதப்போடு போய் நின்றேன்.

"ஏட்டி புதுப்பொண்ணு, என்ன வேணும்?"

"நெருப்பு வேணும் பெரியம்மா."

"அது சிரட்டயப் பாத்தாலே தெரியுது. ஒனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஒண்ணும் வேண்டாதவ எதுக்குட்டி கல்யாணம் முடிச்சு வந்த?"

எதிர்த் திண்ணையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் என் சிரட்டையில் இருந்த சாம்பல் பறந்தது. அவர்கள்தான் பிறகு எனக்குச் சட்டத்தை விளக்கினார்கள். நெருப்பு வாங்க வருகிறவள் தன் மனசில் இருக்கிற பாரம் என்ன என்று சொல்ல வேண்டும். அடுத்து வருகிறவள் தன் கங்கோடு அந்தப் பாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். கங்கு கையில் இருக்கும்போதே, தன் வீட்டுக்கு நடக்கிற அந்த நடையிலேயே, முன்னால் வந்தவளுக்காக ஜெபிக்க வேண்டும். தன் பாரத்துக்குத் தானே ஜெபிக்கக் கூடாது, அது பின்னால் வருகிறவளின் வேலை.

"ஒன் முதுகு அழுக்க நீயாட்டி தேய்ப்ப? பின்னால நிக்கவதான் தேய்க்கணும்" என்பாள்.

பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 'குடும்பம் நல்லா இருக்கணும்' என்றால் இடுக்கியைக் கீழே வைத்துவிடுவாள்.

"எந்தக் குடும்பம்? என்ன நல்லா? பேரச் சொல்லு, ஊரச் சொல்லு, என்ன வேணும்னு சொல்லு."

"ஆண்டவருக்குத் தெரியாதா பெரியம்மா?"

"அவருக்குத் தெரியும்ட்டி. ஒனக்குத் தெரியுதான்னுதான் பாக்கேன்."

அன்றைக்கு எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியதைச் சொன்னேன்: "மாமியார் வீட்டுக் கொழம்புல காரம் தாங்க முடியல. கொறையணும்." அவள் முகம் மாறாமல் தலையாட்டி, இரண்டு கங்கை எடுத்து என் சிரட்டையில் வைத்தாள். எனக்கு முன்னால் வந்தவளின் மாட்டுக்குப் பால் வற்றிப் போயிருந்தது. அந்த மாட்டை என் தலையில் ஏற்றினாள்.

நான் மாட்டோடு நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வழியில் ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள். வாசலோரமாக நின்று என் பிறந்த ஊர்ப் பெருமையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். கங்கு அவிந்தது. போனவள் இன்னும் வரவில்லையே என்று மாமியாரே இன்னொரு சிரட்டையோடு புறப்பட்டு, என்னைத் தாண்டி, நெருப்பு வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் கதை முடிந்திருந்தது.

"ஒனக்கு முன்னால வந்தவ பாரத்த எடுத்துக்கோ" என்றாள் பெரியம்மா, அதே மாறாத முகத்தோடு. "ஒரு புள்ளைக்கு மாமியா வீட்டுக் கொழம்பு காரம் தாங்கலயாம். கொறையணுமாம்."

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கங்கை ஏந்திக்கொண்டு எனக்கு முன்னே நடந்தாள். வழியெல்லாம் அவள் உதடு அசைந்தது. ஜெபித்தாளோ வைதாளோ, அது ஆண்டவருக்கும் அவளுக்கும் இடையே. எடுத்த பாரம் என்ன ஆச்சு என்று மறுநாளுக்குள் விசாரிக்க வேண்டும் என்பதும் சட்டம். மத்தியானம் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், அகப்பையும் கையுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன ஆச்சு? கொறஞ்சிருக்கா?"

குறைந்திருந்தது. வத்தலே போடவில்லை. என் மாமனார் இலையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாருக்கும் சொகமில்லயா?" என்று கேட்டார்.

இப்படித்தான் அவள் ஊரைக் கோத்தாள். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் தோட்டத்து வாழை காற்றில் சாய்ந்தது, யார் புருஷன் கள்ளுக்கடைப் பக்கம் போகிறான் என்று பொழுது விடிகிறதற்குள் யாரோ ஒருத்தி சுமந்துகொண்டிருப்பாள். மறுநாள் அவள் அந்த வீட்டுப் படி ஏறி "என்ன ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும். என்ன ஆச்சு என்று தெரிகிற வரைக்கும் பாரத்தை இறக்கக் கூடாது. பேசாமல் இருந்த வீடுகளெல்லாம் இதனாலேயே பேசிக்கொண்டன. சண்டைக்காரியின் பாரம் உன் தலையில் வந்து விழுந்தால் நீ என்ன செய்வாய்? அவள் வாசலில் போய் நிற்கத்தான் வேண்டும். ஒருத்தி பொறுக்க முடியாமல், "ஊர் வம்பையெல்லாம் கூட்டி வச்சிக்கிட்டு இதுக்கு ஜெபம்னு பேரு வேற" என்றாள். பெரியம்மா சளைக்கவில்லை.

"வம்புதான்ட்டி. ஆனா இந்த வம்ப ஆண்டவர்ட்ட போயித்தான பேசுதோம்? ஓங்கிட்டயா பேசுதோம்?"

நான் வருவதற்கு முன்னே ஊர் இருந்த நிலைமையை மாமியார் சொல்லித்தான் தெரியும். வேதக்கோயிலில் சாயங்கால மணி அடிக்கும். உபதேசியார் மட்டும் உள்ளே நிற்பார். அவரே மணி அடித்து, அவரே பாட்டுப் பாடி, அவரே ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று சில நாள் கூட இருக்கும். சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் மேலான சேகரத்து ஐயர் வில்வண்டியில் வந்து பார்த்துவிட்டு, ஊரே கூடிச் சாப்பிடுகிற அடுத்த அசனப் பண்டிகைக்குள் சாயங்கால ஜெபத்துக்கு ஆள் கூடாவிட்டால் உபதேசியாரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உபதேசியார்தான் பள்ளிக்கூடமும் நடத்தினார். அவர் போனால் பள்ளிக்கூடமும் போகும்.

உபதேசியார் நல்ல மனுஷர். பயந்துபோய்ப் பிரசங்கத்தை இன்னும் நீளமாக்கினார். ஆடும் வராமலானது.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மா நெருப்புக்கு இந்தச் சட்டத்தைப் போட்டிருக்கிறாள். கொஞ்ச நாளில் சாயங்கால மணி அடித்தால் பெண்கள் அடுக்களையில் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடினார்கள். ஏனென்றால் பாரம் கொடுத்தவளும் எடுத்தவளும் ஒன்றாக இருக்கும் இடம் அதுதான். 'மாடு பால் குடுத்துச்சா?' 'காய்ச்சல் விட்டுச்சா?' என்று தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் தூக்கம் வராது. பெண்கள் இத்தனை ஆவலாக அப்படி எங்கே போகிறார்கள் என்று பார்க்க ஆண்கள் வந்தார்கள். வந்தவர்கள் பேரும் பாரத்தில் அடிபட்டதால் தங்களைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பதற்காகவாவது உட்கார்ந்தார்கள். ஐயர் மறுபடி வந்தபோது கோயில் நிறைந்திருந்தது. உபதேசியார் தன் பிரசங்கத்துக்குக் கிடைத்த பலன் என்று நினைத்தார். ஊரில் யாரும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

அவர் நெருப்பு வாங்க வந்த நாள் ஒன்று உண்டு. அவர் மனைவிக்குக் காய்ச்சல். கோயில் மேட்டிலிருந்து சிரட்டையும் கையுமாக, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். வரிசையில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவருக்கு முன்னால் வந்தவளின் பாரம், அவள் அண்ணனுடைய கால் புண். கங்கை வாங்கியவர் நடக்கவில்லை. அங்கேயே கண்ணை மூடி நின்று ஆரம்பித்தார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினதிலிருந்து ஆரம்பித்தார். ஆபிரகாம் வந்தார், ஈசாக்கு வந்தார், யாக்கோபு வந்தார். கால் புண் வரவே இல்லை. எகிப்து தாண்டிச் செங்கடலுக்கு வந்து சேர்ந்தபோது பெரியம்மா மெல்லச் சொன்னாள்:

"ஐயா, நெருப்பு அவிஞ்சிட்டு."

கண்ணைத் திறந்து பார்த்தார். சிரட்டையில் வெறும் சாம்பல்.

"இன்னொரு கங்கு தாறேன். இத வச்சிக்கிட்டு வீடு போய்ச் சேருததுக்குள்ள சொல்லி முடிங்க. ஆபிரகாம் கதை ஆண்டவருக்குத் தெரியும். அந்தப் புண்ண மட்டும் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. மேட்டுக்கு ஏறும்போது வேகமாக நடந்தார், வாய் அசைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. ஊருக்கே அது ஸ்தோத்திரப் பண்டிகை.

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரு விஷயத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். பெரியம்மாவுக்கு ஒரே மகன். அவனைப் பாளையங்கோட்டையில் படிக்கவைத்து உபதேசியார் ஆக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவனுக்குக் கொழும்பில் கடை வைக்க ஆசை. அம்மாவும் மகனும் பேச்சு முற்றி, ஒரு நாள் விடியற்காலையில் அவன் எழுந்து போய்ப் புன்னக்காயலில் தோணி ஏறிவிட்டான். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற யாரைக் கேட்டாலும் பார்க்கவில்லை என்றார்கள். மகன் போன பிறகுதான் அந்த வீட்டு அடுப்பு அவியாமல் இருக்க ஆரம்பித்தது என்று மாமியார் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அரித்தது.

யோசித்துப் பாருங்கள். ஊரில் எல்லாருடைய பாரமும் அந்த வாசல் வழியாகப் போகிறது. அவள் பாரம் மட்டும் போவதில்லை. நெருப்பு வாங்குகிறவள்தானே பாரம் சொல்ல வேண்டும்? அவள் கொடுக்கிறவள். யாரிடமும் வாங்கப் போகாதவள். அவள் கொடுக்காவிட்டால் நாங்களும் எடுக்க முடியாது, ஏனென்றால் கொடுக்காத பாரத்தை எடுக்கக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம். ஒருத்தர் வீட்டுத் துக்கத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் கோயிலில் கொண்டுபோய் விரிப்பது திருட்டு என்பாள்.

உபதேசியார் ஒரு சாயங்காலம் தெரியாத்தனமாக அதைச் செய்துவிட்டார். எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது, "கடல் கடந்து போன எங்கள் சகோதரியின் குமாரனை" என்று ஆரம்பித்தார். அத்தனை பேருக்கும் நடுவே அவள் எழுந்து நின்றாள்.

"உபதேசியாரய்யா, அது நான் குடுத்ததா?"

அவர் கண்ணைத் திறந்தார்.

"குடுக்காதத எப்படி எடுத்தீங்க?"

கேட்டுவிட்டுத் திரும்பவும் முழங்காலில் நின்றாள். அவர் மாட்டுக்காகவும் மழைக்காகவும் ஜெபித்து முடித்தார். அவளுக்காக ஜெபிக்க ஒரு ஊரே காத்திருந்தது. அவள் அந்தப் பேரைச் சொல்வாளா மாட்டாளா என்பதுதான் மிச்சம்.

நான் சும்மா இருக்கிற ஆளா? ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகு பைய உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, ஒங்க பாரத்த நீங்க யார்ட்ட குடுப்பீங்க?"

"நான் யார் வீட்டுக்கும் நெருப்புக்குப் போறதில்லியே."

"அடுப்பு அவிஞ்சா?"

"அவியாது."

"அவிஞ்சா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏட்டி மூதி, என் அடுப்புல தண்ணி ஊத்தப் பாக்கியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அப்படி ஒரு எண்ணம் வந்தது வாஸ்தவம். நான் ஊற்றவில்லை. என்னை முந்திக்கொண்டு ஆற்றுக்கு அந்த எண்ணம் வந்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழை நிற்கவே இல்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கு மேலே தண்ணீர் புரண்டு வருகிறது என்று ஆள் ஓடி வந்து சொல்வதற்கு முன்னமே ஆறு வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்து தெருவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறினோம். மாமியார் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மேட்டில் உட்கார்ந்து, பானைக்குள் கையை விட்டு, அந்தத் தீப்பெட்டியை எடுத்தாள். நனைந்து, மருந்தெல்லாம் கரைந்து, வெறும் குச்சியாகக் கிடந்தது. 'ஒரு தடவையாவது உரசியிருக்கலாம்' என்று அவள் அழுததைக் கேட்டு வெள்ளத்திலும் நான் சிரித்தேன்.

பெரியம்மா கடைசியாக வந்தாள். இடுப்பில் ஒரு சட்டி. உள்ளே ஈர உமி. கங்கைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. சட்டியைத் தூணோரம் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று சாயங்காலம் மணி அடித்து ஜெபம் நடந்தது. அவள் தூணை விட்டு நகரவில்லை.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. ஊர் முழுக்கத் தேடினாலும் நெருப்பு இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான். மேட்டின் மேலேயே இருந்த உபதேசியார் வீடு. அவர் மனைவி அடுப்பைக் காபந்து பண்ணி வைத்திருந்தாள். கல் கூட்டிக் கஞ்சி காய்ச்ச எல்லாருக்கும் கங்கு வேண்டும். அந்த அம்மாள் இடுக்கியோடு வாசலில் உட்கார்ந்தாள். நாங்கள் சிரட்டையோடு வரிசையாக நின்றோம். யாரும் சொல்லாமலே பழைய சட்டம்தான் நடந்தது. ஒருத்தி சொல்ல, அடுத்தவள் எடுக்க, வரிசை நகர்ந்தது.

அப்போது பெரியம்மா தூணோரத்திலிருந்து எழுந்தாள். ஒரு சிரட்டையை எடுத்தாள். சாம்பலைப் பரப்பினாள். வந்து வரிசையில் நின்றாள்.

அவளுக்கு முன்னால் என் மாமியார். அவளுக்குப் பின்னால் வந்து நின்றவளிடம், "ஒம் புள்ள அழுவுது, கேக்கலயா?" என்றேன். அவள் ஓடினாள். அந்த இடத்தில் நான் நின்றுகொண்டேன். பிள்ளை அழவில்லை.

மாமியார் முறை வந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எம் மருமவளுக்கு வாய் கொஞ்சம் அடங்கணும்" என்றாள். பெரியம்மா பின்னால் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை அவள்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டாள். அவள் அதற்காக ஒழுங்காகத்தான் ஜெபித்திருப்பாள். பலித்ததா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உபதேசியார் மனைவி இடுக்கியில் கங்கை எடுத்து நீட்டினாள். "பெரியம்மா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

"ஊருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? கேளு தாயி."

"ஒங்களுக்கு... என்ன வேணும்?"

கோயில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கருகிய புருவத்தோடு அவள் அந்தக் கங்கையே பார்த்தாள்.

"பேரு மாசிலாமணி" என்றாள். "ஊரு தெரியாது."

சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"போற அன்னைக்கு ஓலைச் சூட்டுப் பந்தம் கொளுத்தணும், நெருப்புக் குடுன்னு கேட்டான். ஆத்தங்கரைப் பாதை இருட்டுல்லா? என் அடுப்புல நெருப்பு இருந்துச்சு. இந்த வீட்டுல ஒனக்கு நெருப்பு இல்லன்னு சொல்லிட்டேன். சூட்டக் கீழ போட்டுட்டு இருட்டுக்குள்ளயே போயிட்டான்."

சிரட்டைச் சாம்பலை விரலால் சமப்படுத்திவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"திரும்பி வரணும்னு கேக்க எனக்கு மொகம் இல்ல. அது வேண்டாம். எந்தத் தேசத்துல இருந்தாலும், விடியக்காலம் அவன் ஒரு வாசல்ல போயி நெருப்புன்னு கேட்டா, இல்லன்னு சொல்லாம ஒருத்தி எடுத்துக் குடுக்கணும். அம்புட்டுதான் எனக்கு வேணும்."

கங்கு சிரட்டையில் விழுந்தது. நகர்வதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துக்கிட்டியாட்டி?"

எனக்கு வாயில்லாமல் போன நேரம் அது ஒன்றுதான். "எடுத்துக்கிட்டேன் பெரியம்மா."

என்ன வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டதற்கு நான் என்ன பாரம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. கங்கை வாங்கிக்கொண்டு நாங்கள் கல் கூட்டியிருந்த இடத்துக்கு நடந்தேன். பக்கத்தில்தான். ஆனால் சொல்லத் தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு மனுஷன், பேர் தெரியாத ஒரு தெரு, அங்கே எனக்குத் தெரியாத ஒருத்தி. அவள் கையைப் பிடித்து இடுக்கியை எடுக்கவைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்க? நடுவழியில் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பின்னால் உபதேசியார் குரல் கேட்டது.

"ஏம்மா, நெருப்பு அவிஞ்சிட்டு."

குனிந்து பார்த்தேன். வெறும் சாம்பல். அவர் சிரிக்கவில்லை. தானே போய் இன்னொரு கங்கு எடுத்து வந்து கொடுத்தார்.

வெள்ளம் வடிந்தது. சேற்றை வாரி வெளியே கொட்டினோம். பெரியம்மா பழையபடி அடுப்பை மூட்டினாள். அந்த நெருப்பு என் அடுப்பிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பிறகு தெருவில் ஒரு பழக்கம் வந்தது, யார் சொல்லி வந்தது என்று தெரியாது. எல்லா வீட்டிலும் உமிக்குள் கங்கு மூடி வைக்க ஆரம்பித்தோம். விடியற்காலையில் வழிப்போக்கன், வண்டிக்காரன், உப்பு விற்கிறவன், யார் வந்து சுருட்டுக்கு நெருப்புக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. சைவப்பிள்ளை வீட்டு ஆள் தோட்டத்துக்குப் போகிற வழியில் கேட்டாலும் உண்டு. சும்மா வாங்கிக்கொண்டு போக மட்டும் முடியாது.

"எந்த ஊரு அண்ணாச்சி? ஒங்க அம்மா இருக்காவளா?"

"இருக்கா. எதுக்குக் கேக்கிய?"

"சும்மாதான். போயிப் பாத்தீங்களா?"

சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, இந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு ஏதோ கோட்டி பிடித்திருக்கிறது என்று தலையை ஆட்டியபடி போவார்கள். போனபிறகு நாங்கள் அவன் அம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்வோம். அவன் கொடுக்காத பாரம்தான். பெரியம்மாவிடம் கேட்டோம். "அம்மைக்காரி குடுத்திருப்பா, போங்கட்டி" என்று சட்டத்தையே வளைத்துவிட்டாள்.

மாசிலாமணி வரவில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்களைக் கேட்பதை நான் விடவில்லை. வீட்டிலேயே கங்கு இருந்தாலும் பாரம் மாற்றத் தினமும் சிரட்டையோடு போவோம். அப்போது பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்ப்பாள். மற்றவர்களைக் கேட்கிற மாதிரி 'என்ன ஆச்சு?' என்று வாயால் கேட்கமாட்டாள். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. "சரி, வச்சிக்க" என்பாள். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அதேதான். பார்த்தாள். தலையாட்டினேன். "வச்சிக்கட்டி" என்றாள். அன்றைக்கு அவள் அடுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

என்ன ஆச்சு என்று தெரியும் வரைக்கும் இறக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது என் அடுக்களையில் தீப்பெட்டி கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. மாமியார் பார்த்தால் பொறுக்கமாட்டாள். குச்சியை உரசியதும் அந்தச் சின்னச் சுடர் விறகுக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். பேர் மாசிலாமணி, ஊர் தெரியாது, ஒருத்தி எடுத்துக் கொடுக்கணும். ஆபிரகாமைக் கூப்பிடுவதில்லை.

எனக்கும் அழைப்பு வருகிற வயசு தாண்டிவிட்டது. அங்கேயும் அவள் வாசலில்தான் உட்கார்ந்திருப்பாள், புருவமே இல்லாத அந்த முகத்தோடு. என்னைக் கண்டதும் 'என்ன ஆச்சு?' என்று கேட்க வாயெடுப்பாள். விடமாட்டேன். இந்த ஒரு தடவை நான் முந்திக்கொள்வேன்.

"அவன் இங்கன வந்துட்டானா, பெரியம்மா?"